நமக்குப் பின் யார்?



அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றோரின் கவலை ஒன்றே: நமக்குப் பின் இவனைக் காப்பவர் யார்? 'அண்ணன் பார்த்துக்கொள்வான்' என்னும் வாய்ச்சொல் போதாது. அண்ணனுக்கும் குடும்பமுண்டு, கடனுண்டு. நிலத்தைப் பிள்ளையின் பெயருக்கே எழுதினாலும், பிறர் பறிக்காமல் அவனால் காத்துக்கொள்ள இயலாது.

1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம் வழிகாட்டுகிறது. பிள்ளையின் நலனுக்கென டிரஸ்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால், டிரஸ்டிகள் சொத்தின் வருவாயை அவனுக்கே செலவிடவும், கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவராவர். 18 வயது நிரம்பியபின் பாதுகாவலரை நியமிக்கக் கோரி, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டத்து உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

நம்மவரிடம் உள்ளது சில சென்ட் நிலமே. சொத்து சிறிதாயின் காவல் பெரிதாக வேண்டும். இளைஞர்களே, உங்கள் தெருவில் அத்தகைய வீடிருப்பின், பெற்றோர் உள்ளபோதே அப்பத்திரம் எழுதப்படத் துணைநில்லுங்கள். நீங்கள் கற்ற கல்விக்கு அதுவே பயன்.