என் வீட்டுக்கும் ஒரு தீர்மான நோட்டு



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. எங்கள் குழுவில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் ஐப்பசி மாசம். வங்கிக் கடன் தவணையைப் பன்னிரண்டு பேரிடமும் வசூலித்து, மஞ்சள் பையில் போட்டு, அரிசி டிரம்முக்குள் வைத்தேன். நாளைக்குக் கட்டிடலாம் என்று நினைப்பு. மறுநாள் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி. அதற்கடுத்த நாள் பையனின் சாதிச் சான்றிதழுக்கு அலைச்சல். சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள். அப்புறம் நூறு நாள் வேலை, ரேஷனில் கைரேகை, பால் சொசைட்டி, தணிக்கைக்கு நோட்டுகளைச் சரி பண்ணுவது. எல்லாம் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. தவணைத் தேதி தாண்டி ஒன்பது நாள் ஆகிவிட்டது.

வங்கியிலிருந்து எங்கள் குழுத் தலைவிக்குப் போன். கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள், "பணம் எங்கக்கா?" அவ்வளவுதான் கேட்டாள். ஓடிப்போய்ப் பையை எடுத்து வந்து எல்லார் முன்னாடியும் எண்ணினேன். ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் எண்ணி முடிக்கும் வரை யாருமே பேசவில்லை பாருங்கள், அது இன்னும் எனக்குள் கிடக்கிறது. பஞ்சசூத்திரம் ஐந்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். காலத்தில் திருப்பிக் கட்டணும் என்று ஊருக்குச் சொன்ன நானே தாமத வட்டியைக் கைக்காசில் கட்டினேன்.

மறுநாள் காலையில் எங்கள் குழுவில் மூத்தவர், நான் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், வாசலில் வந்து நின்றார். "ஏண்டி, பன்னெண்டு பேர் கணக்க எழுதுறியே, ஒன் கணக்க எதுல எழுதுற?"

பையன் பாதி எழுதிப் போட்ட நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல 31 வேலை வந்தது. எனக்கே மலைப்பாக இருந்தது. பெரியம்மா சிரித்தார். "கையிருப்பு இருபதாயிரம், கடன் கேக்குறவங்க ஏழு பேருன்னா நாம என்ன செய்வோம்?"

எல்லாருக்கும் கொடுக்க மாட்டோம். யாருக்கு அவசரம், யார் அடுத்த மாசம் வரை பொறுப்பார், யாருக்குத் தேவையே இல்லை என்று பேசித்தானே தீர்மானம் போடுகிறோம்? அடுப்பு, மாடு, கூலி வேலை போக எனக்குக் கையிருப்பு ரெண்டு மணி நேரம். அதை வைத்துக்கொண்டு எட்டு மணி நேர வேலைக்குச் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறேன்.

கடைசித் தேதி உள்ளதை முதலில் எழுதினோம். டவுன் வேலையெல்லாம் ஒரே செவ்வாய்க்கிழமைக்கு. பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை என்று வாரத்தில் நாலு தடவை போய் வந்துகொண்டிருந்தேன். டிக்கெட்டுக்குத்தான் காசு இல்லை, என் பொழுதுக்கு உண்டே!

தீர்மானத்தில் யார் பொறுப்பு என்று பேர் எழுதுவோம் இல்லையா, அந்த 31-லும் என் பேர்தான் இருந்தது. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு நாளுக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97 நிமிஷம் என்று வந்தது. அதுவும் வேலை பார்க்கிற ஆண்களுக்கு! எங்கள் வீட்டுக்காரர் அதில் சேர்த்தியே இல்லை. பால் சொசைட்டியை அவர் பேரிலும், சான்றிதழைப் பையன் பேரிலும் எழுதினேன். முதல் வாரம் அவர் ரெண்டு நாள் மறந்தார், பால் திரிந்து போனது. கை துறுதுறுவென்றது, ஆனாலும் நான் போகவில்லை. நாத்தனாரின் சீட்டுப் பணம் வசூலிப்பதை இனி முடியாது என்றேன். ரெண்டு மாசம் அவள் என்னோடு பேசவில்லை.

குழுவிலும் ஒரு தீர்மானம் போடச் சொன்னேன். வசூலித்த பணத்தை மறுநாளே ரெண்டு பேர் சேர்ந்து போய்க் கட்டணும். மாசத்துக்கு ஒரு ஜோடி. இதுவரை தவறவில்லை.

31-உம் முடிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், 14 பாக்கி. என் கண்ணைக் காட்டி வருவது 27-ஆவதாகக் கிடந்தது. வாராவாரம் தள்ளித் தள்ளிப் போய், போன மாசம்தான் நடந்தது. இந்தப் பேச்சைக் கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கிறேன். இன்னும் பழகவில்லை, மூக்கில் வழுக்குகிறது. எழுத்து நல்லாத் தெரியுது.