தோல் வட்டாரத்தில் தெருவின் பங்கு



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் தோலையும் கூலியையும் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கவிக்கோ அப்துல் ரகுமான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரி 1919இல் தோன்றியது. அதற்குத் துணை நின்றது தோல் வணிகர்களின் பொருள். மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரால் 1965இல் ஒரு கல்லூரி எழுந்தது. ஆம்பூரில் 1969இல் மஸ்ஹருல் உலூம் கல்லூரி. வெளியூரார்க்கு ஆம்பூர் என்றால் பிரியாணிதான் நினைவுக்கு வரும். அது அவர்கள் பாடு. பாலாற்றங்கரையில் எழுத்துக்கும் தோலுக்கும் உள்ள உறவு பழையது.

ஊரார் தம் பொருளைத் திரட்டித் தம் ஊருக்கே ஆக்கிக்கொள்வதை இன்று 'சமுதாயம் சார்ந்த பொருளாதார மேம்பாடு' என்கிறார்கள். அமெரிக்காவின் கிழக்கு லாஸ் ஏஞ்சலீசில் வாழும் மெக்சிக வழியினர், மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு 1968இல் 'டெலாக்கு' என்னும் அமைப்பைத் தொடங்கினர். குடியிருப்பு, தொழில், கடன் ஆகியவற்றைத் தம் சமுதாயத்தின் கைக்குள் கொண்டுவருவதே அதன் எண்ணம். தோல் வட்டாரத்தில் கொடை இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் கொடையைப் பெறுகிறவர் கணக்குக் கேட்பதில்லை. பங்கு உடையவரோ கேட்பார். சேரிகளிலும் ஏழை முஸ்லிம்களின் தெருக்களிலும் வாழ்ந்து, சுண்ணாம்புக் குழியில் நின்று உழைத்தவர்களுக்குப் பங்கு என்று ஒன்று இருந்ததா என்பதே கேள்வி.

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்தது. 1970களில் மைய அரசு பச்சைத் தோலின் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதன்பின் காலணித் தொழிற்சாலைகள் பெருகின. கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் பேருந்துகள் பெருகின. ஆற்றின் நிலையோ யாவரும் அறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையங்களுக்கு ஆலை முதலாளிகள் கூட்டாகப் பணம் போட்டனர். ஆயினும் 2015 ஜனவரி 31இல் இராணிப்பேட்டையில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் மாண்டனர். மாசினால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்குமாறு 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. நிலமும் நீரும் தாமதமாகவேனும் கணக்கில் ஏறின.

கணக்கில் ஏறாத ஒருத்தி இருக்கிறாள். ஆம்பூரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் வாசற்படியில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண் அவள். தொழிலில் அதற்கு 'அப்பர்' என்று பெயர். வெட்டித் துளையிட்ட தோல் துண்டுகளை இடைத்தரகர் பையில் கொண்டுவந்து தருவார். தைத்ததை எடுத்துப் போவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை முடிவு செய்பவர் யார், தைத்த காலணி எந்த நாட்டுக் கடைக்குப் போகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஊசி குத்திய விரலும் கழுத்து நோவும் அவள் பாடு. வைப்பு நிதியும் இல்லை, ஈட்டுறுதியும் இல்லை. அதே 1996இல், தீர்ப்புக்கு இரு திங்கள் முன்னர், ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கென ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.

இது நடக்க முடியாத காரியம் என்று சொல்வார் உண்டு. அவர்கள் அதே வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்ணைப் பார்க்கட்டும். வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுபவரையும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளி என ஏற்றது. அதன் வழியே அடையாள அட்டை கிடைத்தது. வைப்பு நிதியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் பின்தொடர்ந்தன. பீடிக் கூலி ஒன்றும் செழிப்பானதன்று. ஆனாலும் அவள் பெயர் ஓர் ஏட்டில் இருந்தது. ஒரே திண்ணையில் தாய் பீடி சுற்றவும் மகள் செருப்புத் தைக்கவும் அமர்ந்தால், தாய் தொழிலாளி, மகள் சும்மா இருப்பவள் என்றாகிவிடுகிறது!

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முயற்சி பின்னர் மகளிர் திட்டமாகத் தமிழகமெங்கும் பரவியது. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் கடன் பெற வழி பிறந்தது. அது சிறு பேறன்று. ஆனால் கடனைத் திருப்பித் தரும் பணம் அதே ஜோடிக் கூலியிலிருந்துதான் வருகிறது. கூலி உயராமல் கடன் மட்டும் எளிதானால், பெண் இன்னும் சில ஜோடி கூடுதலாகத் தைப்பாள், அவ்வளவே. காலணி, தோல் பொருள் தொழிலாளர்க்கென மாநிலத்தில் நல வாரியம் உண்டு. அது உதவித்தொகை தரும், கூலி பேசாது. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் 'சேவா'வைத் தொழிற்சங்கமாகவே தொடங்கினார். பெண்களின் வங்கி வந்தது 1974இல்தான். அந்த வரிசை எண்ணத்தக்கது. இங்கே வங்கி முதலில் வந்தது. சங்கம் வரவேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

குழுக்களுக்கு வாரக் கூட்டமும் பதிவேடும் ஏற்கெனவே உண்டு. யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு கடன் பெற்றார் என்று அதில் எழுதுகிறார்கள். அதனோடு இன்னொரு நோட்டு வைக்கலாம். எந்த நாளில் எத்தனை ஜோடி, யார் கொண்டுவந்தது, என்ன கூலி சொன்னார்கள், கையில் கொடுத்தது எவ்வளவு, பழுது என்று பிடித்தது எவ்வளவு என அதில் எழுதிவைக்க வேண்டும். பத்துத் தெருக்களின் நோட்டுகளைச் சேர்த்து வைத்தால், தரகரைத் தாண்டித் தொழிற்சாலை வாயிலிலேயே கூலி பேசலாம். தெருவுக்கு ஒரு பொதுக் கொட்டகை போட்டு வேலையை நேராக எடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் நிறைந்த இந்த வட்டத்தில், வாரத்தில் ஒரு மாலையை அந்த நோட்டுக்குத் தரக்கூடியவர் நால்வரேனும் இருப்பர். ஆம்பூரில் ஒரு தெருவில் தொடங்கினால் போதும்.