முதலில் செத்தவர்

(திண்டுக்கல்லில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



டோனா டார்ட் எழுதி 1992-ல் வந்த அமெரிக்க நாவல் ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’. கிரேக்கம் படிக்கிற ஆறு கல்லூரி மாணவர்கள்; ஆளைப் பார்த்து வகுப்பில் சேர்க்கிற ஒரு பேராசிரியர். ஐந்து பேர் சேர்ந்து ஆறாவது ஆளான பன்னியைக் கொல்கிறார்கள். இதைக் கதைசொல்லி ரிச்சர்ட் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். ஏன் கொன்றார்கள் என்பதுதான் கதை.

அதற்கு முன்பே ஒரு கொலை நடந்திருக்கிறது. பழைய கிரேக்கச் சடங்கை நடத்திப் பார்க்கப்போன நான்கு பேர், வெறியேறி ஒரு விவசாயியைக் கொன்றுவிட்டார்கள். பன்னிக்கு அது தெரிந்துபோகிறது. அவன் வாயை அடைக்கத்தான் இரண்டாவது கொலை.

பன்னியைத் தேடி ஊரே திரளுது, எஃப்.பி.ஐ. வருது. அவன் சாவு இவர்களைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. விவசாயி? அவர் வீட்டு வாசலுக்கு நாவல் நம்மைக் கூட்டிப்போகவே இல்லை. ‘ஒழுக்கம் கெட்ட மாணவர்களின் கதை’ என்று சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கேள்வி தப்பிப்போகும்: யார் சாவு சாவாகக் கணக்கில் வருது?

ரிச்சர்டின் அப்பா பெட்ரோல் பங்க் நடத்துகிறவர். அதை மறைத்து, வசதியான வீட்டுப் பிள்ளை என்று பொய் சொல்லி அவர்களோடு ஒட்டுகிறான். கொலைக்கும் துணை போகிறான். விடுதியில் சாதியை மறைத்துத் திரிய வேண்டியிருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு இந்த இடம் சுருக்கென்று தைக்கும். ஒரு வித்தியாசம். அவன் மேலே ஏற மறைக்கிறான். நம்ம பிள்ளைகள் அடிபடாமல் இருக்க மறைக்கிறார்கள்.

நாங்குநேரிக்கு வாங்க. 2023 ஆகஸ்டில், தன்னைத் துன்புறுத்தியவர்கள் மீது பள்ளியில் புகார் சொன்ன தலித் மாணவரை, அதே பள்ளிப் பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. ‘இந்தக் காலத்துப் பசங்க கெட்டுப்போச்சு’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அரிவாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, மாணவர் கையில் கட்டுகிற கலர்க் கயிறையும் பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கிற சாதியையும் எடுக்கச் சொன்னது. குற்றம் பையன்களின் குணத்தில் மட்டுமா இருக்கு? பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதியிருக்கு.

நாவலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படிங்க. படித்தவன் தன் குற்றத்தை எவ்வளவு அழகாகப் பேசுவான் என்று அது நன்றாகவே காட்டுகிறது. ஆனால், நிலக்கோட்டையிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து படிக்கிற நாம், காட்டு வேலைக்கும் நூல் மில்லுக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், அந்தச் செத்த விவசாயியின் பக்கத்தில் நின்று படிக்கணும். அன்று ராத்திரி அவருக்காகச் சோறு வைத்துக் காத்திருந்தது யார்? அந்தக் கதையை இன்னும் ஒருத்தரும் எழுதவில்லை. அது நம்ம வேலை.