சுவீகாரப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள்

(கிராமச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நம் வீடுகளிற் பேசாது விடப்படும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். சுவீகாரமாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டும்போது, அவர்களுட் சிலர் சிறு சொல்லுக்கும் சீறுகின்றனர். சிலர் பாடசாலையை வெறுக்கின்றனர். சிலர் எவருடனும் பேசாது ஒதுங்குகின்றனர். அயலாரோ, “பிறத்தியார் இரத்தம் தன் குணத்தைக் காட்டுகின்றது” என்று எளிதிற் கூறிவிடுகின்றனர். இது கொடுஞ்சொல், அறியாமையும் ஆகும்.

1989இல் ருமேனியாவிற் சௌசெஸ்கு ஆட்சி வீழ்ந்தபின், அந்நாட்டு அநாதை விடுதிகளிற் பசியாலும் புறக்கணிப்பாலும் நலிந்த குழந்தைகள் பலரைப் பிரித்தானியக் குடும்பங்கள் சுவீகரித்தன. அவர்களுள் 165 பேரைப் பேராசிரியர் மைக்கேல் றட்டர் குழுவினர் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாத வயதுக்குமுன் புதுவீடு சேர்ந்தோர் பெரும்பாலும் ஏனைய பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேலும் விடுதியிற் கிடந்தோர் பலரிடம் கவனக்குறைவும், பிறருடன் பழகுவதில் இடர்ப்பாடும் நீடித்தன. அவர்களுள்ளும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இக்குறைகளின்றி வளர்ந்தனர். ஆகவே, குறையின் வேர் முதற்பருவத்துப் புறக்கணிப்பில் இருந்தது தெளிவு.

கமக்காரர் இதனை நன்கறிவர். மேடையில் நீரின்றி வாடிய கன்றை நல்ல நிலத்தில் நட்டாலும், அது தேறச் சில நாள் செல்லும். அதுவரை விதையைப் பழித்துக்கொண்டிராது நிழல் வைத்து நீர் வார்ப்பர்.

நாமாகச் செய்யும் கேடு ஒன்றும் உண்டு, அது மறைத்தல். ‘நான் யார்?’ என்ற வினா எழும் பருவத்தில், அடையாள அட்டைக்குப் பத்திரம் தேடும்போதோ, உறவினர் சண்டையில் எறியப்பட்ட சொல்லாலோ உண்மையை அறியும் பிள்ளை, பெற்றவரோடு வளர்த்தவரையும் ஒரே நாளில் இழந்ததாகத் துடிக்கின்றது.

நம் முன்னோர் இதனை மறைத்தாரல்லர். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் சட்டமாக ஏற்கப்பெற்ற தேசவழமை, சுற்றத்தாரின் சம்மதத்தோடும் மஞ்சள்நீர் பருகும் சடங்கோடும் பிள்ளையைச் சுவீகரிக்கும் வழக்கத்தைக் கூறுகின்றது. ஊரறியத் தொடங்கிய உறவை நாம் ஏன் இரகசியமாக்கினோம்?

வளர்க்கும் பெற்றோரே! மழலைப் பருவந்தொட்டு உண்மையை அன்போடு சொல்லுங்கள். கோபம் வந்தபோதும், “வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவேன்” என்று அச்சுறுத்தாதீர்கள். பிள்ளை உறக்கமிழந்தால், சாவைப் பற்றிப் பேசினால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதில் மானக்கேடு எதுவும் இல்லை.

2004 ஆழிப்பேரலையிலும், 2009இல் முடிந்த போரிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளை நம் உறவினர் வாரியெடுத்து வளர்த்தனர். அத்தகைய பிள்ளை தன் துயரைத் தாய்மொழியிற் சொல்ல, தமிழறிந்த உளநல மருத்துவரும் ஆலோசகரும் நம் பிரதேச மருத்துவமனைகள் தோறும் இருத்தல் வேண்டும். அவர்களை நியமிப்பது அரசின் கடன். கேட்பது நமது உரிமை. உண்மையைச் சொல்லி அணைத்துக்கொள்வதற்கோ எந்த அரசின் ஆணையும் வேண்டியதில்லை. அதனை இன்றிரவே தொடங்கலாம்.