பள்ளிக்குத் திரும்பிய பிள்ளை

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



இதோ, பரிசுக் கோப்பைகள் மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாளும் விடாமல் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இன்று பரிசு உண்டு. அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் என் வருகைப் பதிவேட்டில் எட்டு மாதம் பள்ளிக்கு வராத மாணவன் ஒருவனும் இருக்கிறான். நான் பேச வந்தது அவனைப் பற்றித்தான். பெயர் சொல்லப் போவதில்லை. அவன் தாயாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டே பேசுகிறேன்.

அவனுக்கு வந்தது இரத்தப் புற்றுநோய். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, இந்த ஆண்டு பள்ளிக்குத் திரும்பினான். தலையில் முடி இல்லை, தொப்பி போட்டிருந்தான். மறுநாள் ஒரு தாயார் வந்து, "டீச்சர், எம் மகளை வேற மேசையில உக்கார வையுங்க. ஒட்டிக்கிச்சுன்னா என்னா செய்யிறது?" என்று கேட்டார். அடுத்த நாள் இன்னொருவர் வந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் நானும் பிள்ளைகளை மாற்றி உட்கார வைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டான்.

பெரியோர்களே, நான் செய்தது தவறு. நான் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவள், மருத்துவம் படித்தவள் அல்ல. ஆகவே அன்று முதல் இந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களிடம் சொல்ல வேண்டியது என் கடமை.

1947-ஆம் ஆண்டு வரை, இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைக்கு மருத்துவர்களிடம் மருந்தே கிடையாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இருந்தார். இரத்தம் ஊற ஃபோலிக் அமிலம் என்ற சத்து தேவை. அந்தச் சத்தைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாக வளர்வதைக் கண்டார். அப்படியென்றால் அந்தச் சத்தைத் தடுத்துப் பார்ப்போமே என்று எண்ணினார். தடுக்கும் மருந்தைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவும் அவருடன் வேலை செய்தவர்களும். பாஸ்டனுக்குப் படிக்கப் போன காலத்தில், ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துப் பிழைத்த மனிதர் அவர். அவர்கள் செய்த மருந்து, பூட்டுக்குள் நுழைந்து திறக்காமல் மாட்டிக்கொள்ளும் கள்ளச்சாவி போன்றது. சத்து என்று நம்பி நோயணு அதை ஏற்கும். பிறகு அதனால் பெருக முடியாது.

1948-இல் ஃபார்பர் தம் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அது தற்காலிகமாகத்தான். நோய் திரும்பி வந்தது. அந்தக் குழந்தைகள் பட்ட பாட்டிலிருந்துதான் பிறகு வந்த மருத்துவம் பிறந்தது. இன்று இந்த நோயில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகைக்கு, நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில், முழு வைத்தியமும் பெறும் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சுப்பாராவ் குழுவினர் செய்த மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து இன்றும் பயன்படுகிறது.

அதே மருத்துவமனையில் 1948-இல் வயிற்றுப் புற்றுநோயோடு 12 வயதுப் பையன் ஒருவன் படுத்திருந்தான். வானொலி நிகழ்ச்சியில் அவன் பெயரை மறைத்து 'ஜிம்மி' என்றார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அவன் கட்டிலருகே வந்து நின்றார்கள். அவனுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரவும் ஆராய்ச்சிக்கு உதவவும் 20,000 டாலர் கேட்டார்கள். மக்கள் தந்ததோ 2 இலட்சத்திற்கும் மேல். அந்தப் பையன் இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1998-இல், ஐனார் குஸ்டாஃப்சன் என்ற லாரி ஓட்டுநர் வெளியே வந்தார். ஜிம்மி அவர்தான்! ஊருக்குத் திரும்பி, வேலை செய்து, குடும்பம் நடத்தி, எல்லாரையும் போல வாழ்ந்திருக்கிறார். 2001-இல், 65-ஆம் வயதில்தான் காலமானார்.

இனி நம் பிள்ளையிடம் வருகிறேன். புற்றுநோய் ஒட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. முடி கொட்டியது நோயால் அல்ல. வேகமாக வளரும் அணுக்களை மருந்து தாக்கும்போது முடியின் வேரும் சேர்ந்து அடிபடுகிறது. அது மறுபடி முளைக்கும்.

உண்மையில் ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. மருந்தால் அவன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சல் என்றால் நாலு நாளில் போய்விடும். அவனுக்கு அது பெரிய ஆபத்து. அம்மை அதைவிட ஆபத்து. அவனுடைய புற்றுநோய் நமக்கு வராது. நம்மிடமுள்ள காய்ச்சலும் அம்மையும்தான் அவனுக்கு ஆபத்து. எனவே தாய்மார்களே, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த லயத்திலாவது அம்மை போட்டிருந்தால் அன்றே எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். பிள்ளையின் முகம் வெளுத்துப் போனால், காய்ச்சல் விடாமல் அடித்தால், அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு கண்டால், கால் எலும்பு வலிக்கிறது என்று இரவில் அழுதால், திருநீறு போட்டுவிட்டு அதோடு நிற்காதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் சாதாரண நோயாகத்தான் இருக்கும். இரத்தப் பரிசோதனை செய்தால் சந்தேகம் தெளியும்.

அடுத்தது, வைத்தியத்தைப் பாதியில் விடக்கூடாது. முழுமையாக முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். முகம் தெளிந்துவிட்டது, வேலை நாள் போகிறது, பேருந்துக் காசு இல்லை என்று நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். அந்தத் தாயார் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு யாராவது ஒரு வாய் சோறு போடுங்கள். வண்டி உள்ளவர்கள் பேருந்து நிலையம் வரை ஏற்றிச் செல்லுங்கள். இதற்கு 2 இலட்சம் டாலர் தேவையில்லை.

மாணவச் செல்வங்களே, அவன் தொப்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவனோடு விளையாடுங்கள். விட்டுப்போன கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். திங்கட்கிழமை எல்லாரையும் பழைய இடத்திலேயே உட்கார வைக்கப் போகிறேன். பெற்றோர்கள் தயவுசெய்து அதற்குச் சம்மதம் தர வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன்.