மெஷின் மறுத்தால் பதில் சொல்வது யார்?



"இவர் டிஜிட்டலுக்கு எதிரி" என்று என்னை ஏசுகிறார்கள். இல்லை ஐயா! டிக்கெட் வரிசையில் நின்றே பீச் வண்டியைக் கோட்டை விட்ட தாம்பரத்துக்காரன் நான். டிக்கெட் போனுக்குள் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ரேஷனில் போலி கார்டு ஒழிந்தால் அதற்கும் கை தட்டுவேன். மெஷினோடு எனக்கு வழக்கு இல்லை. மெஷினை வைத்துவிட்டுக் காணாமல் போகிறார்களே, அவர்களோடுதான் வழக்கு!

2020-இல் நம் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை மெஷின் வந்தது. திரிசூலத்தில் கல் உடைத்த கை, நாகல்கேணி தோல் கம்பெனியில் சுண்ணாம்பில் ஊறிய கை, அனகாபுத்தூர்த் தறியில் தேய்ந்த கை. இந்தக் கைகளில் ரேகைக்கு எங்கே போவது? பாட்டி கட்டை விரலை வைக்கிறார். எடுக்கவில்லை. முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறார். "ரேகை விழலம்மா, நாளைக்கு வா!" ஓடிபி இருக்கிறதே என்கிறார்கள். அது போவது ஒரகடத்தில் ஷிஃப்டில் இருக்கும் மகன் போனுக்கு. அந்தப் போன் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டிருக்கிறது!

கடைக்காரரைத் திட்டாதீர்கள். பில் விழாமல் அரிசி போட்டால் இருப்புக் கணக்கு இடிக்கும், அபராதம் அவர் தலையில் விழும். அவர் கையையும் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காகத் தகுதியானவருக்கு உரியதை மறுக்கக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மாநில அரசு 'தாயுமானவர்' திட்டத்தைக் கொண்டு வந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் போகிறது. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஐம்பது வயதுக் கல் தொழிலாளிக்கு எந்த வண்டி வரும்?

ரேகை விழாமல் ஆட்கள் திரும்பிப் போவதை எதிர்பாராத விளைவு என்கிறார்கள். கல் உடைத்தால் ரேகை தேயும் என்பது எதிர்பாராததா? கேட்டிருந்தால் இந்த ஊரில் எந்தக் குழந்தையும் சொல்லியிருக்குமே!

இனி டெலிவரித் தம்பிகள் கதைக்கு வருகிறேன். வேளச்சேரி சாலையில் மழையில் நனைந்து ஓடுகிறவனுக்குக் காலையில் ஐடி பிளாக். ஏன்? தெரியாது. யாரைக் கேட்பது? ஆள் கிடையாது, போனில் ஒரு பாட், நான்கு பொத்தான். வண்டிக் கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வருகிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் இவர்களைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தார்கள். நல்லது. ஆனால் கர்நாடகம் 2025-இல் சட்டமே போட்டுவிட்டது: வேலையை விட்டு நீக்க வேண்டுமானால் காரணத்தை எழுத்தில் கொடு, 14 நாள் முன்னறிவிப்புக் கொடு என்று. ஓசூர் எல்லையைத் தாண்டினால் கிடைக்கிற நியாயம் மேடவாக்கத்தில் கிடைக்காதா?

மெஷினே நின்றுபோன மிக்ஜாம் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பரில் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றன. கரண்ட் போனது, டவர் போனது, ஜிபே செத்தது. பால் பாக்கெட் வாங்கக்கூடச் சில்லறை நோட்டைத் தேடினோம். அப்போது அரசு நிவாரணத்தை எப்படிக் கொடுத்தது? டோக்கன் போட்டு, ரேஷன் கடை வழியாக, 6,000 ரூபாயை ரொக்கமாகக் கையில் கொடுத்தது! ஆபத்துக்கு உதவிய அந்தக் காகிதத்தையும் ஆளையும் வெயில் காலத்தில் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

நம் கோரிக்கை மூன்றே மூன்று. ஒன்று, மெஷின் மறுத்தாலும் ஆளைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கக் கடைக்காரருக்கு அதிகாரம் வேண்டும். அந்தப் பதிவேட்டுக்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இரண்டு, ஐடியை முடக்கும் கம்பெனி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முறையீட்டைக் கேட்க இந்த ஊரிலேயே ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். மூன்று, எந்த அரசுச் சேவை போனுக்கு மாறினாலும் பக்கத்திலேயே ஒரு கவுண்டர் திறந்திருக்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டும்! ஆளைக் குறைத்து மிச்சம் பிடித்தது யாரோ, அவர் அந்தச் செலவை ஏற்கட்டும். இன்றுவரை அதைக் கட்டிக்கொண்டிருப்பது பாட்டியின் நடையும் தம்பியின் கூலியும்தான்.

ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் ரோட்டைக் கேளுங்கள், குடிநீரைக் கேளுங்கள். கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள், எழுதி வாங்குங்கள்!