சாயத் தொட்டியில் கரைந்த உப்பு



திருப்பூர் பனியனுக்கு நிறம் ஏற்ற என்னென்ன வேண்டும் என்று கேட்டால் சாயம் என்பீர்கள். சாயம் கொஞ்சம்தான், உப்புதான் மூட்டை மூட்டையாகப் போகும். தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின்னூட்டம், சாயத்துக்கும் அதே மின்னூட்டம். ஒன்றை ஒன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து சமாதானம் பண்ணிவைக்கிறது. கறுப்பு, நேவி ப்ளூ போன்ற அடர்ந்த ஷேடுகளுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். சாயம் ஏறியதும் அத்தனை உப்பும் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

நிறத்தை எப்படியாவது வெளுக்கவைக்கலாம், உப்பைத் தின்ன எந்த நுண்ணுயிரும் இல்லை. அந்த உப்பு நொய்யல் ஆற்றின் வழியாகப் போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுத்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நான் பார்ப்பது, பட்டறைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆய்வக வேலை. காற்றூட்டும் தொட்டி, வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) எல்லாம் தாண்டி, பெரும்பகுதித் தண்ணீர் பட்டறைக்கே திரும்பிவிடும். எனக்குப் பிரியமானது மிச்சமிருக்கும் உப்புக் கரைசல். அதில் இருக்கும் சாய உப்பான சோடியம் சல்பேட்டுக்கு ஒரு குணம். 32 டிகிரி வாக்கில் தண்ணீரில் தாராளமாகக் கரையும், குளிரவைத்தால் கரைந்திருக்க முடியாமல் பிரிந்துவிடும். கெட்டியான கரைசலைக் குளிர்விக்கும்போது பார்க்க வேண்டும் நீங்கள்! தெளிந்த நீருக்குள் கண்ணாடி ஊசிகள் முளைத்துக்கொண்டே போகும். அதுதான் கிளாபர் உப்பு. எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கசிய ஆரம்பித்துவிடும்.

இப்படி மீட்ட உப்பைத் திரும்பச் சாயத் தொட்டியில் போட முதலில் ஒரு டையிங் மாஸ்டரிடம் கொடுத்தபோது, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, “கறுப்புக்கு வேணா போடறனுங்க, பேபி பிங்க்குக்கு ஆகாதுங்க” என்றார். அவர் சந்தேகம் நியாயம்தான், மீட்ட உப்பில் துளி மஞ்சள் தங்கினாலும் வெளிர் ஷேடு மாறிவிடும். கறுப்பில் ஆரம்பித்தவர், மெதுவாகத்தான் மற்ற நிறங்களுக்கு வந்தார்.

இன்னொன்று. விலை குறைவென்று பட்டறையில் யாராவது சாதாரண உப்பைக் கலந்துவிட்டால் ஆய்வகத்தில் குளோரைடு ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிக் கலந்த உப்பைப் பிரிப்பது பெரும்பாடு. மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்குவோம், வாங்க ஆள் இருக்காது. கரைசலை ஆவியாக்கிக் கெட்டியாக்க ஆகும் கொதிகலன் எரிபொருள் செலவைச் சொல்லவே வேண்டாம்.

உப்பே போடாமல் சாயமேற்றும் முறைகளைச் சோதித்துவருகிறார்கள். அவை பட்டறைக்கு வந்தால் எனக்கு வேலை குறையும். வரட்டும்.